ரிக்ரூட்டர் கேள்விகள்: எங்கே தடைப்படுகிறது என்று பார்த்துச் சரிசெய்வது எப்படி

மலையகத் தேயிலைத் தோட்டங்களில், ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்திலிருந்து ஐடி வேலைக்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கச்சிமார் என்னிடம் வந்து சொல்வது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: "அண்ணே, கோல் வந்துச்சு, நல்லாத்தான் பேசினேன், அதுக்குப் பிறகு ஒன்னுமே இல்லை." கோடிங் தெரியாததால்தான் இப்படி ஆகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு, இன்னொரு கோர்ஸில் சேர்ந்துவிடுகிறார்கள். ஆனால் கோடிங்கைச் சோதிக்கும் கட்டத்துக்கே அவர்கள் போய்ச் சேரவில்லை. முதல் கோலில் பேசுகிறவர் ரிக்ரூட்டர், நிறுவனத்துக்கு ஆள் தேடுகிறவர், அநேகமாக எச்ஆர் ஆள். அவர் முன்னால் ஒரு படிவம் திறந்திருக்கிறது: விண்ணப்பித்தவர் இப்போது என்ன செய்கிறார், எதில் அனுபவம், எவ்வளவு எதிர்பார்க்கிறார், எப்போது சேரலாம், எங்கே இருக்கிறார். அதை நிரப்பி டீம் லீடுக்கு அனுப்புவதுதான் அவர் வேலை. உங்கள் பதிலைக் கேட்டு அவரால் ஒரு வரி எழுத முடியவில்லை என்றால் அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கும், எல்லாக் கட்டமும் நிரம்பிய பெயர்கள் மேலே போய்விடும்.

அதனால் முதலில் எந்த இடத்தில் நின்றுபோனது என்று பாருங்கள். கீழே இருப்பதை முழுக்க வாசிக்கத் தேவையில்லை, உங்களுக்கு நடந்தது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். பதில்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வரும் ஆங்கிலத்தில் நீங்களே சொல்லிப் பழகுங்கள், என் வசனத்தை மொழிபெயர்த்து மனப்பாடம் செய்ய வேண்டாம்.

விண்ணப்பம் போட்டுக் கொஞ்ச நேரத்திலேயே "வருந்துகிறோம்" என்று மின்னஞ்சல் வருகிறது

மனிதர் யாரும் உங்கள் சிவியைப் பார்த்திருக்க மாட்டார். லிங்க்ட்இன் ஈஸி அப்ளை மாதிரி இடங்களில் நிறுவனம் சில கேள்விகளைக் கட்டாயத் தகுதியாகக் குறித்து வைக்கலாம், அதற்குப் பொருந்தாத பதில் வந்தால் மறுப்புத் தானாகவே போகும். "ஜாவாவில் எத்தனை வருட அனுபவம்" என்ற பெட்டியில் முழு எண் மட்டும்தான் போட முடியும் என்றால், நம் பிள்ளைகள் தயங்காமல் 0 போட்டுவிடுகிறார்கள். ஆறு மாத இன்டர்ன்ஷிப், அதற்கு மேல் ஒருவருக்காகப் பணம் வாங்கிச் செய்துகொடுத்த வேலை ஆறேழு மாதம், இரண்டையும் சேர்த்தால் ஒரு வருடம் தாண்டிவிட்டது, 1 போடுங்கள், அது பொய் இல்லை. பல்கலைக்கழகப் பாடமாக மட்டும் படித்ததை வருடக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்று வருடம் கேட்கிற இடத்தில் உங்களிடம் இருப்பது ஒன்று என்றால் உண்மையைப் போட்டுவிட்டு, அந்த நிறுவனத்தில் வேலை செய்யும் யாரையாவது பிடித்துப் பரிந்துரை கேட்பது நல்ல வழி.

கோல் பாதியில் அறுந்து போகிறது, மறுபடி எடுப்பதில்லை

இது பதிலில் உள்ள கோளாறு கிடையாது, ஆனால் இங்கே நிறையப் பேருக்கு நடப்பது இதுதான் என்பதால் சொல்லத்தான் வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே, மலைக்கு மறுபக்கம் டவர், லயன் காம்பராவுக்குள் (அறைக்குள்) ஒரு கோடு சிக்னல். தெரியாத இலக்கத்திலிருந்து திடீரென்று வரும் கோலை இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நின்றுகொண்டு எடுத்து, அப்படியே முழு இன்டர்வியூவையும் கொடுக்க முயற்சிக்காதீர்கள். "இப்போது சிக்னல் குறைவான இடத்தில் இருக்கிறேன், இன்று மூன்று மணிக்கு நானே எடுக்கட்டுமா" என்று கேளுங்கள். அநேகமாக எல்லோரும் சரி என்பார்கள். இப்படிக் கேட்பதை ரிக்ரூட்டர் குறையாக எடுப்பதில்லை, நேரம் சொல்லி அந்த நேரத்துக்கு எடுக்கிற ஆள் என்றுதான் பார்ப்பார். அப்புறம் வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைக் கையிருப்பில் வையுங்கள், எந்த மேட்டில் எது பிடிக்கிறது என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். டீம்ஸ், சூம் என்றால் முதலிலேயே "லைன் இழுத்தால் வீடியோவை நிறுத்திவிட்டு ஓடியோவில் தொடர்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டிலிருந்து வேலை என்ற பதவிக்கு "இன்டர்நெட், கரண்ட் எப்படி" என்று கட்டாயம் கேட்பார்கள். "பரவாயில்லை" என்ற பதிலை எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது. 4ஜி ரவுட்டர் இருக்கிறது, வேகம் அளந்து பார்த்ததில் இவ்வளவு வருகிறது, கரண்ட் போனால் ரவுட்டருக்குச் சிறிய யூபிஎஸ் இருக்கிறது, லெப்டொப் இத்தனை மணித்தியாலம் தாங்கும், இரண்டும் போனால் டவுனில் இன்ன இடத்துக்கு அரை மணித்தியாலத்தில் போய்விடுவேன். இப்படிச் சொன்னால் அவர் எழுதிக்கொள்வார். 2022இல் நாள்கணக்கில் பல மணித்தியால மின்வெட்டு இருந்ததை இந்த நாட்டில் யாரும் மறக்கவில்லை, வெளிநாட்டு வாடிக்கையாளர்களும் மறக்கவில்லை. அந்தக் கேள்வி உங்களைச் சந்தேகப்பட்டு வருவதில்லை.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் வாய் கட்டிப்போகிறது, அல்லது பேசிக்கொண்டே போய் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை

காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். பாடசாலையிலும் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பிலும் நமக்குப் பழக்கிய "மைசெல்ஃப்" கட்டுரை பிறந்த ஊரில் ஆரம்பிக்கும், பிறகு அப்பா அம்மா, சகோதரங்கள், பாடசாலை, சாதாரண தரத்தில் இத்தனை ஏ, பொழுதுபோக்கு கிரிக்கெட். ரிக்ரூட்டருக்குத் தேவையான விஷயம் கடைசியில் வரும், அதற்குள் இரண்டு நிமிடம் போய்விடும், நீங்களும் களைத்துவிடுவீர்கள்.

தலைகீழாக ஆரம்பியுங்கள். இப்போது என்ன செய்கிறேன், அதில் கையால் செய்தது என்ன, அடுத்து என்ன தேடுகிறேன். மூன்று வசனம் போதும். ஒரு உதாரணம்: "எச்என்டிஐடி (ஐடியில் உயர் தேசிய டிப்ளோமா) முடித்துவிட்டு, கண்டியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் ஆறு மாத இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன். அங்கே ஸ்பிரிங் பூட்டில் இன்வொய்ஸ் பகுதிக்கான ஏபிஐ எழுதினேன், வாடிக்கையாளர்கள் இப்போது அதைப் பாவிக்கிறார்கள். டிசம்பரில் இன்டர்ன்ஷிப் முடிகிறது, ஜாவா பேக்எண்டில் ஜூனியர் வேலை தேடுகிறேன்." இதைச் சொல்ல அரை நிமிடம் கூட ஆகாது. அதற்குப் பிறகு நிறுத்துங்கள். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது, காதைக் கொடுத்துக் கேட்டால் கீபோர்ட் தட்டும் சத்தம் கேட்கும், நீங்கள் சொன்னதை எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த இடைவெளியை நிரப்பப் போய்த்தான் பலர் தேவையில்லாததையெல்லாம் பேசிவிடுகிறார்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி. போனில் பதிவு செய்து, ஐடிக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் ஒரு தடவை மட்டும் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள், என்ன செய்தீர்கள், என்ன தேடுகிறீர்கள் என்ற மூன்றையும் அவர் திருப்பிச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. சொல்ல முடியவில்லை என்றால் வசனம் இன்னும் நீளமாக இருக்கிறது.

இதே கோலில் சில இடங்களில் "அப்பா என்ன வேலை" என்றும் கேட்கிறார்கள். கேட்கக் கூடாத கேள்விதான், ஆனாலும் கேட்கிறார்கள். "அப்பா அம்மா இரண்டு பேரும் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போங்கள். குரலைத் தாழ்த்தவும் வேண்டாம், அதிலிருந்து ஒரு கஷ்டக் கதையை ஆரம்பிக்கவும் வேண்டாம். உங்கள் குடும்பம் உழைத்துச் சாப்பிடுகிறது, அதில் விளக்கம் கொடுக்க எதுவும் இல்லை.

கோல் திடீரென்று சிங்களத்துக்கு மாறுகிறது

ரிக்ரூட்டர் உங்களை இலகுவாக்கத்தான் மாறியிருப்பார், ஆங்கிலத்தில் திணறுவது போலத் தெரிந்திருக்கும். சிங்களம் நன்றாக வருமென்றால் தாராளமாகப் பேசுங்கள். அரைகுறை என்றால், புரிந்தது போல "ஒவ், ஒவ்" (ஆமாம், ஆமாம்) என்று சொல்லிக்கொண்டு போவதுதான் ஆபத்து. இப்போதைய வேலையை விட முன்கூட்டியே அறிவிக்க வேண்டிய காலம் இரண்டு வார நோட்டீஸா இரண்டு மாத நோட்டீஸா என்பதை இப்படித் தவறாக விளங்கிக்கொண்டால் பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. "சிங்களம் எனக்கு விளங்கும், ஆனால் வேலை சம்பந்தமாக ஆங்கிலத்தில் சொல்வது எனக்குத் தெளிவாக இருக்கும், ஆங்கிலத்தில் தொடரலாமா" என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. மெதுவாகப் பேசுங்கள். இலக்கணப் பிழையை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை, பதில் எங்கே முடிகிறது என்று தெரியாமல் இருப்பதுதான் அவர்களுக்குச் சிரமம்.

மூன்று மொழியும் ஓரளவு வருமென்றால் அதைச் சிவியின் மூலையில் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். சப்போர்ட், இம்ப்ளிமென்டேஷன், பிஸ்னஸ் அனலிஸ்ட் மாதிரிப் பதவிகளில் நாடு முழுக்க உள்ள பாவனையாளரோடு பேச வேண்டியிருக்கும், அங்கே இது நேரடியான தகுதி. இன்னொரு சின்ன விஷயம்: வசனத்துக்கு வசனம் "சேர்", "மிஸ்" போடுவது நம் பாடசாலைப் பழக்கம். இலங்கை ஐடி நிறுவனங்களில் பெரும்பாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில் ஒரு தடவை மரியாதையாகச் சொல்லுங்கள், அவர் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டால் பிறகு அந்தப் பெயரையே பாவியுங்கள்.

"ரியாக்டில் உங்களுக்கு நீங்களே பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள்" என்ற கேள்வியோடு கோல் குளிர்ந்துபோகிறது

5 சொன்னால் தெரியாதவர், 9 சொன்னால் அடுத்த கட்டத்தில் டெக் லீட் அந்த 9ஐப் பிடித்துக்கொண்டு கஷ்டமான கேள்விகளைக் கேட்பார். எண்ணைக் கேட்டால் எண்ணைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், ஆனால் உடனே அதற்குப் பின்னால் செய்ததையும் செய்யாததையும் சேர்த்துவிடுங்கள். "6 சொல்வேன். இரண்டு புரொஜெக்டில் பாவித்திருக்கிறேன், ஹூக்ஸ், ரவுட்டிங், ஃபோர்ம் வேலைகள் தனியாகச் செய்வேன், டெஸ்ட் எழுதிய அனுபவம் குறைவு." ரிக்ரூட்டருக்கு ஹூக்ஸ் என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை, அவர் அந்தச் சொல்லை அப்படியே எழுதிக்கொள்வார், டீம் லீட் வாசிப்பார்.

புரொஜெக்ட் பற்றி நிறையப் பேசினேன், ஆனாலும் "நீங்கள் என்ன செய்தீர்கள்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்

"நாங்கள் செய்தோம், நாங்கள் வடிவமைத்தோம்" என்று பேசியிருப்பீர்கள். தன் பெயரை முன்னால் வைத்துப் பேசுவது நமக்குத் தற்பெருமையாகப் படுகிறது, கூடச் செய்தவர்களின் பங்கைப் பறிப்பது போலவும் இருக்கிறது. ஆனால் ரிக்ரூட்டர் குழுவை வேலைக்கு எடுக்கவில்லை, உங்களை எடுக்கப் போகிறார்.

தோட்டத்து மடுவத்தில் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையில்) கொழுந்து நிறை பதிவதற்கு நாலு பேர் சேர்ந்து ஒரு ஆப் செய்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டிய நல்ல புரொஜெக்ட் அது, நூலக முகாமைத்துவம், மாணவர் பதிவு என்று எல்லோரும் செய்வதை விட எவ்வளவோ மேல். அதைப் பற்றிக் கேட்டால் "ஃப்ளட்டரில் ஒரு மொபைல் ஆப் செய்தோம், கொழுந்து நிறையைப் பதிவு செய்யலாம், ஃபயர்பேஸ் பாவித்தோம்" என்று முடித்துவிடுகிறார்கள். இதில் எழுதிக்கொள்ள என்ன இருக்கிறது? இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நாலு பேர் செய்த ஆப். மடுவத்தில் சிக்னல் கிடையாது, அதனால் ஒவ்வொரு நிறையையும் போனிலேயே சேமித்து வைத்து, டவுன் பக்கம் வந்ததும் சேர்வருக்கு அனுப்பும் பகுதியை நான் எழுதினேன். பாதியில் லைன் அறுந்தால் ஒரே நிறை இரண்டு தடவை பதிவாகிவிடும் என்பது சோதிக்கும்போது தெரிந்தது, ஒருவருடைய பேரில் இல்லாத கிலோ ஏறிவிடும், அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே தனி இலக்கம் கொடுத்து, அந்த இலக்கம் ஏற்கெனவே இருந்தால் சேர்வர் அதை ஏற்காதபடி செய்தேன்."

பிரச்சினை என்ன, நீங்கள் தொட்ட பகுதி எது, என்ன முடிவு எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள், எல்லாம் அதில் வந்துவிட்டது. கூட இருந்த மூன்று பேரின் பங்கையும் நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை, நாலு பேர் என்று முதலிலேயே சொல்லிவிட்டீர்கள். இணையம் அறுபடும் இடத்தில் பதிவு இரட்டிப்பாகாமல் பார்த்துக்கொள்வது பெரிய நிறுவனங்களின் பணப் பரிமாற்ற மென்பொருளிலும் அன்றாடம் வருகிற பிரச்சினை, அடுத்த கட்டத்தில் உட்காரும் இன்ஜினியர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு உங்களோடு ஆர்வமாகப் பேசுவார். உங்கள் பின்னணியை மறைத்துக்கொண்டு போனால் இந்த மாதிரிப் பேச்சு கிடைக்கவே கிடைக்காது.

சரிபார்க்க: உங்கள் கிட்ஹப்பைத் திறந்து, நீங்கள் சொன்ன அந்தப் பகுதியின் கோப்பை ஒரு நிமிடத்துக்குள் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அதைக் கோலில் சொல்ல வேண்டாம்.

சம்பளக் கேள்வியோடு எல்லாம் நின்றுபோகிறது

இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று, "நீங்கள் எவ்வளவு தந்தாலும் சரி" என்ற பதில். சம்பளம் என்பது கம்பனியும் சங்கமும் பேசி முடிவு செய்து மேலிருந்து வருகிற ஒன்றாகவே நம் வீடுகளில் இருந்திருக்கிறது, தனி ஒருவர் தன் வாயால் ஒரு தொகையைக் கேட்பது நமக்குப் பழக்கமில்லை. ஆனால் அங்கே ஒரு எண் கட்டாயம் போட வேண்டிய கட்டம் இருக்கிறது. "எவ்வளவு தந்தாலும் சரி" என்பவரை மிகக் குறைந்த தொகையில் போடுவார்கள், அல்லது தன் வேலையின் மதிப்புத் தெரியாதவர் என்று நினைப்பார்கள். இரண்டாவது, யாரோ கொழும்பு நண்பன் சொன்ன தொகையை அப்படியே சொல்லி, அது பேசிக்கா (அடிப்படைச் சம்பளம்) கிராஸா (பிடித்தங்களுக்கு முந்திய மொத்தம்) என்று கேட்டதும் தடுமாறுவது.

இந்த இரண்டாவதை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள், இதற்கு ஒரு கடதாசியும் பேனாவும் போதும். ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கணக்கிடும் தொகை 100,000 ரூபா என்று வையுங்கள். உங்களிடமிருந்து 8 வீதம், அதாவது 8,000 பிடிப்பார்கள், கைக்கு வருவது 92,000. நிறுவனம் தன் பங்காக 12 வீதம் ஈபிஎஃபுக்கும் 3 வீதம் ஈடிஎஃபுக்கும் (ஊழியர் நம்பிக்கை நிதி) கட்ட வேண்டும், அவர்களுக்கு ஆகும் செலவு 115,000. ஆக ஒரே வேலையை 92,000 என்றும் 100,000 என்றும் 115,000 என்றும் சொல்ல முடியும், மூன்றும் சரி. எதைச் சொல்கிறோம் என்று இரண்டு தரப்புக்கும் தெரியாவிட்டால் கடைசியில் ஒருவருக்கு மனக்கசப்புத்தான் மிஞ்சும். சில நிறுவனங்கள் சம்பளத்தைப் பேசிக், அலவன்ஸ் என்று பிரித்து, பேசிக்குக்கு மட்டும் ஈபிஎஃப் கட்டுகின்றன. அதனால் "எந்தத் தொகைக்கு ஈபிஎஃப் கணக்கிடுகிறீர்கள்" என்ற கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 வரை வருமான வரி பிடிப்பதில்லை, அதற்கு மேல் போகும் முதல் பகுதிக்கு 6 வீதம், 160,000 என்றால் அந்த மேலதிக 10,000க்கு 600 ரூபா. முதல் வேலைக்குப் போகிறவர்களில் பலருக்கு இந்த வரி வராது, "வரியெல்லாம் போக" என்று யாராவது குழப்பினால் கணக்கைக் கேளுங்கள்.

இப்போது பதில். ஒரு எண்ணுக்குப் பதிலாக ஒரு வீச்சு, கீழ் எல்லை நீங்கள் உண்மையிலேயே சம்மதிக்கும் தொகையாக இருக்கட்டும், ஏனென்றால் பெரும்பாலும் கீழ் எல்லையைத்தான் பிடிப்பார்கள். "மாதம் கிராஸ் 110,000இலிருந்து 130,000க்குள் எதிர்பார்க்கிறேன், இந்தப் பதவிக்கு நீங்கள் ஒதுக்கியிருப்பது எவ்வளவு என்று தெரிந்தால் பேசலாம்." இந்த எண் வெறும் உதாரணம். உங்கள் எண்ணை அந்தப் பதவியில் இப்போது இருக்கும் இரண்டு மூன்று பேரிடம் கேட்டு, கொழும்பில் போர்டிங், சாப்பாடு, மாதம் ஒரு தடவை வீட்டுக்குப் போய்வரும் பஸ் காசு, வீட்டுக்கு அனுப்ப வேண்டியது எல்லாம் எழுதிக் கூட்டி நீங்களே எடுங்கள். அந்தச் செலவுக் கணக்கை ரிக்ரூட்டரிடம் சொல்லிக் காட்ட வேண்டாம், அது உங்கள் கீழ் எல்லையைக் கண்டுபிடிக்க மட்டும்.

இப்போதைய சம்பளத்தைக் கேட்டால் கூட்டிச் சொல்லாதீர்கள். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்கும் இடங்கள் உண்டு, அங்கே பிடிபட்டால் ஓஃபர் திரும்பிப் போகும். சொல்ல விருப்பமில்லை என்றால் "இந்தப் பதவிக்கான வீச்சை வைத்துப் பேச விரும்புகிறேன்" என்று ஒரு தடவை சொல்லுங்கள், மறுபடி வற்புறுத்தினால் உள்ளதைச் சொல்லிவிட்டு எதிர்பார்ப்பைத் தனியாகச் சொல்லுங்கள்.

"கொழும்புக்கு வருவீர்களா" என்று கேட்ட பிறகு அழைப்பே இல்லை

நீங்கள் "பார்க்கலாம்", "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லியிருப்பீர்கள். ரிக்ரூட்டர் பயப்படுவது தூரத்துக்கு அல்ல. சேர்ந்து மூன்று மாதத்தில் தங்க இடம் சரிவராமல் ஊருக்குத் திரும்பிவிடுவார், மறுபடி ஆள் தேட வேண்டும் என்பதுதான் அவர் பயம். திகதியும் தங்கும் இடமும் சொன்னால் அது அடங்கிவிடும்: "தெமட்டகொடையில் சித்தப்பா வீடு இருக்கிறது, ஓஃபர் கிடைத்து இரண்டு வாரத்தில் வந்துவிடுவேன்." உறவுக்காரர் யாரும் இல்லையென்றால் போர்டிங் விசாரித்து வைத்துவிட்டுச் சொல்லுங்கள். ஐடி அலுவலகங்கள் இருக்கும் டிரேஸ் சிட்டி மருதானையில், ஓரியன் சிட்டி தெமட்டகொடையில். எந்த அலுவலகம் எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு அறை தேடினால் பஸ்ஸிலேயே பாதி நாள் போகாது. பெண் பிள்ளைகளுக்கு இது வீட்டுச் சம்மதத்தோடு பின்னிய விஷயம். ஓஃபர் வந்த பிறகு ஆரம்பிக்கும் பேச்சு, பதில் சொல்ல வேண்டிய நாளுக்குள் முடிவதில்லை. விண்ணப்பம் போடும் முன்பே அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள்.

ஹைபிரிட் (சில நாள் அலுவலகம், சில நாள் வீடு) என்றால் வாரத்துக்கு எத்தனை நாள் என்பதோடு நிறுத்தாமல், அந்த நாள்கள் சேர்ந்தாற்போல வருமா என்றும் கேளுங்கள். செவ்வாயும் புதனும் என்றால் ஒரு இரவு தங்கி ஹட்டனுக்குத் திரும்பிவிடலாம். திங்களும் வியாழனும் என்றால் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் பஸ் பயணம் வாரத்துக்கு நாலு தடவை, அது நடைமுறைக்கு ஒத்துவராது.

சிவியில் முகவரிக்குப் பக்கத்து டவுனின் பெயர் போதும், தோட்டம், டிவிஷன், லயன் இலக்கம் எல்லாம் ஓஃபர் கடிதத்துக்குத்தான் தேவைப்படும். பல தோட்டங்களில் கடிதம் தோட்ட அலுவலகம் சுற்றித்தான் கைக்கு வரும், அதனால் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள்.

சிவியில் உள்ள இடைவெளியைக் கிண்டுகிறார்கள்

வெளிநாட்டு ரிக்ரூட்டர்களிடம் இது அதிகம், நம் நாட்டுப் பரீட்சைக் காலம் அவர்களுக்குத் தெரியாது. 2021 உயர்தரப் பரீட்சை நடந்ததே 2022 பெப்ரவரியில், 2022க்கானது 2023 ஜனவரியில்தான் ஆரம்பித்தது, அதற்குப் பிறகு பெறுபேறு, வெட்டுப்புள்ளி, அனுமதி என்று இன்னும் காத்திருப்பு. "எங்கள் நாட்டில் பரீட்சை தள்ளிப்போய்ப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த காலம், அந்த நேரத்தில் மொரட்டுவை பல்கலைக்கழகத்தின் இலவச ஒன்லைன் ஃபுல் ஸ்டேக் பாடநெறியைச் செய்தேன்" என்றால் விஷயம் முடிந்தது. குடும்பச் சுகயீனம், 2025 நவம்பர் டிட்வா புயலில் வீடு பாதிக்கப்பட்டது, எதுவாக இருந்தாலும் ஒரு வசனத்தில் காரணம், ஒரு வசனத்தில் இப்போது நிலைமை சரியாகிவிட்டது என்பது. தங்கச்சியைப் படிக்க வைக்க வேறு வேலைக்குப் போயிருந்தால் அதையும் சிவியில் போடுங்கள். கடையில் நின்ற காலமும் வேலை செய்த காலம்தான்.

"ஏன் விலகுகிறீர்கள்", "நோட்டீஸ் எவ்வளவு", "உங்கள் பலவீனம்"

பழைய இடத்தைத் திட்டாதீர்கள், அடுத்து என்ன கற்க வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். நோட்டீஸ் காலத்தைக் கோலுக்கு முன் நியமனக் கடிதத்தில் பார்த்து வையுங்கள், ஊகித்துச் சொல்ல வேண்டாம். பலவீனத்துக்கு "நான் அதிகம் உழைக்கிறேன்" என்று சொல்வதை அவர்கள் கேட்டுக் களைத்துவிட்டார்கள். உண்மையான ஒன்றையும் அதற்கு நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பதையும் சொன்னால் போதும்.

எல்லாம் நன்றாகப் போனது, இரண்டு வாரமாகச் சத்தமில்லை

கோல் முடியும்போதே "அடுத்த கட்டம் எப்போது" என்று கேட்டு வைத்திருந்தால் எப்போது விசாரிப்பது என்று தெரியும். கேட்கவில்லையென்றால் ஒரு வாரம் விட்டு ஒரு மின்னஞ்சல். "ஏதாவது முடிவு தெரியுமா" என்று மட்டும் எழுதாமல், பதவியின் பெயர், பேசிய திகதி, நீங்கள் சேரக்கூடிய நாள், கோலில் சரியாகச் சொல்ல முடியாமல் போன ஒரு பதில், இவ்வளவும் ஐந்தாறு வரிக்குள். அவர் படிவத்தில் காலியாகக் கிடந்த கட்டத்தை அந்த மின்னஞ்சல் நிரப்பிவிடும். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த இடத்துக்குப் போங்கள். பதவியையே நிறுத்திவைத்திருப்பார்கள், உள்ளேயே ஆள் எடுத்திருப்பார்கள், உங்கள் பதிலுக்குச் சம்பந்தமில்லாத காரணங்கள் நிறைய உண்டு.

ஓஃபர் வந்துவிட்டது, ஆவணம் கொடுத்ததும் இழுபடுகிறது

பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, பரீட்சைச் சான்றிதழில் அப்பா பெயர் வேறு மாதிரி. தோட்டங்களில் பிறப்பைப் பதிந்த காலத்தில் காதில் கேட்டபடி எழுதியதன் பலன் இது, நம்மில் ஏராளமானோருக்கு இருக்கிறது. பின்னணிச் சரிபார்ப்புச் செய்யும் நிறுவனத்துக்கு இது இரண்டு வெவ்வேறு ஆளாகத் தெரியும். சிவி, லிங்க்ட்இன், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் அடையாள அட்டையில் உள்ள எழுத்தையே பாவியுங்கள். வித்தியாசம் இருப்பதை எச்ஆருக்கு நீங்களே முதலில் சொல்லுங்கள், சமாதான நீதவான் முன் செய்த சத்தியக்கடதாசி ஒன்றைக் கையில் வையுங்கள். நிரந்தரத் திருத்தத்துக்குப் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் பிரிவில் விண்ணப்பிக்கலாம், நாள் எடுக்கும், ஆகவே வேலை தேட ஆரம்பிக்கும்போதே இதையும் ஆரம்பியுங்கள்.

ஒரு கேள்வியும் கேட்காமல் வேலை நிச்சயம் என்கிறார்கள்

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டொலரில் சம்பளம், டிக்கெட் அவர்கள் செலவு, விசிட் விசாவில் வந்தால் போதும், இன்டர்வியூ வட்ஸ்அப்பில் ஐந்து நிமிடம். இப்படி ஐடி வேலை என்று கூட்டிப்போகப்பட்ட இலங்கையர்கள் மியன்மாரில் மியாவாடிப் பக்கத்து இணைய மோசடி முகாம்களில் சிக்கி, 2024இல் பலரை மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது. உள்நாட்டிலும் "பயிற்சிக் கட்டணம்", "லெப்டொப் வைப்புப் பணம்" என்று கேட்கிற இடம் எதுவோ, அங்கே வேலை இல்லை. வேலை கொடுக்கிற நிறுவனம் உங்களிடம் காசு கேட்காது. வெளிநாடு என்றால் கடவுச்சீட்டைக் கையில் கொடுக்கும் முன் ஏஜென்சியின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு வாங்கி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து அந்த அனுமதிப்பத்திரம் உண்மைதானா, அந்த வேலைக்கு ஆள் சேர்க்க அவர்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். இலக்கம் தரத் தயங்கினால் அன்றே அந்த வட்ஸ்அப் இலக்கத்தைத் தடைசெய்துவிட்டு, அதே செய்தி வந்திருக்கும் உங்கள் பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள்.